கண் பீளையும் பாதி மீதமிருக்கும் அந்தச் சொட்டு மருந்தும்

கேள்வி: எனக்கு மூன்று மாதப் பெண் குழந்தை. பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து இடது கண்ணில் மட்டும் நீர் கோத்துக்கொண்டு, காலையில் பீளை கட்டி ஒட்டிக்கொள்கிறது. தாய்ப்பால் விட்டால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மூத்தவனுக்கு நேற்றிலிருந்து இரண்டு கண்ணும் சிவந்து, இமையைப் பிரிக்க முடியவில்லை. போன வருடம் கணவருக்குக் கண் வலி வந்தபோது மருந்துக் கடையில் வாங்கிய சொட்டு மருந்து பாதி மீதம் இருக்கிறது. இருவருக்கும் அதை விடலாமா? டாக்டரிடம் எப்போது போக வேண்டும்?

பதில்: முதலில் அந்தச் சொட்டு மருந்தைக் குப்பையில் போட்டுவிட்டு வந்து மேலே படியுங்கள் அம்மா. மூடி திறந்தால் ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டிய மருந்து அது. போன வருடத்துப் புட்டி என்றால் அதற்குள் என்ன வளர்ந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருக்கிறது, பிறகு வருகிறேன். அரசு மருத்துவமனைக் கண் பிரிவில் உதவியாளராக இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வெறும் பீளையால் கண் கெட்டு வந்தவர்கள் குறைவு. பீளைக்கென்று கண்ணில் எதையாவது விட்டுக்கொண்டு வந்தவர்களைத்தான் அதிகம் பார்த்தேன்.

பீளை என்பது நோயின் பெயர் அல்ல. நல்ல கண்ணிலும் தினமும் அது உண்டாகிறது. விழியின் மேல் பரவியிருக்கும் கண்ணீரில் நீர் மட்டும் இல்லை. வெண்படலத்தில் ஊறும் வழவழப்பான சளி, இமை விளிம்புச் சுரப்பிகள் விடும் எண்ணெய், உதிர்ந்த செல்கள், காற்றில் வந்த தூசி எல்லாம் அதில் கலந்திருக்கும். நாம் இமைக்க இமைக்க இந்தக் கசடு மூக்கோரத்துக்குத் தள்ளப்பட்டு, அங்குள்ள ஊசித் துளைகள் வழியே மூக்குக்குள் வடிந்துவிடும். அழுதால் மூக்கு ஒழுகுவது இதனால்தான். தூக்கத்தில் இமைப்பது இல்லை. மிச்சம் ஓரத்திலேயே காய்ந்து நிற்கிறது. காலையில் ஒரு பொட்டுப் பீளையைப் பார்த்துவிட்டு 'உடம்புச் சூடு' என்று பதறுவார்கள். எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள், நானும் வெள்ளிக்கிழமை தவறுவதில்லை. சூடு தணிய விளக்கெண்ணெயைக் கண்ணுக்குள்ளேயே விடுவதுதான் கூடாது.

பீளை வழக்கத்தைவிடக் கூடினால், பெரும்பாலும் கண் எதையோ எதிர்த்துச் சுரக்கிறது, அல்லது வடிகால் அடைத்திருக்கிறது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் வீட்டில் இரண்டும் ஒரே வாரத்தில் கூடியிருக்கின்றன. பையனுக்குத் தொற்று, பெண்ணுக்கு வடிகால்.

பெண்ணிலிருந்து தொடங்குகிறேன். கண்ணிலிருந்து மூக்குக்கு இறங்கும் குழாயின் அடி முனையில் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. பிறக்கும் சமயத்தில் அது திறந்துகொள்ள வேண்டும்; சில குழந்தைகளுக்குத் தாமதமாகும். முதல் சில வாரங்களில் கண்ணீர் சுரப்பே குறைவு என்பதால், பிறந்தவுடன் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் நீர் கோப்பதும் பீளை கட்டுவதும் கண்ணில் படும். சளி பிடித்தால் கூடும். ஆனால் கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும், இமை வீங்காது, குழந்தை பால் குடித்து, சிரித்து, விளக்கைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். உங்கள் பெண்ணும் இப்படித்தான் இருக்கிறாள் என்றால் பயப்பட வேண்டாம். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயது முடிவதற்குள் தானாகத் திறந்துகொள்ளும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஓர் அழுத்தல். 1923-ல் கிரிக்ளர் என்ற கண் மருத்துவர் எழுதிவைத்த முறை, இன்றும் அதையேதான் சொல்லிக்கொடுக்கிறோம். நகத்தை ஒட்ட வெட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொள்ளுங்கள். குழந்தையின் கண்ணுக்கும் மூக்குத்தண்டுக்கும் நடுவே, உள் மூலையில், சுண்டுவிரலின் சதைப் பகுதியை வையுங்கள். அங்கேதான் கண்ணீர்ப் பை இருக்கிறது. விரலை எடுக்காமல் அழுத்தி, மூக்கின் பக்கவாட்டில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கீழ் நோக்கி இறக்குங்கள். ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து அழுத்தல், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. பால் கொடுக்கும் நேரத்தோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது. பெரும்பாலான தாய்மார்கள் பவுடர் பூசுவதைப் போலத் தடவிவிட்டு, 'மசாஜ் செய்தேன், பலன் இல்லை' என்பார்கள். தோலைத் தேய்ப்பதில் பயன் இல்லை. உள்ளே நிற்கும் நீர் கீழே தள்ளப்பட்டு அந்தச் சவ்வில் மோத வேண்டும். முதல் அழுத்தலில் மூலையிலிருந்து கொஞ்சம் மஞ்சள் நீர் மேலே வரலாம். துடைத்துவிட்டுத் தொடருங்கள்.

அந்த மூலையே சிவந்து, வீங்கி, தொட்டாலே குழந்தை அலறினால் அழுத்தக் கூடாது. பையில் சீழ் பிடித்திருக்கிறது என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு வயதாகியும் அடைப்பு திறக்கவில்லை என்றால், மயக்கம் கொடுத்து மெல்லிய கம்பியால் குழாயைத் திறந்துவிடுவார்கள். சில நிமிட வேலைதான்.

இன்னொன்றும் கவனியுங்கள். குழந்தைக்கு நீர் கோப்பதெல்லாம் குழாய் அடைப்பாகிவிடாது. கருவிழி பெரிதாக இருந்தால், அல்லது பால் படிந்ததுபோல் மங்கியிருந்தால், வெளிச்சத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினால், அது பிறவிக் கண் அழுத்த நோயாக இருக்கலாம். பார்க்க வருபவர்கள் 'எவ்வளவு பெரிய கண்!' என்று கொஞ்சிவிட்டுப் போவார்கள். அதுவே நோயின் அடையாளமாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கண்மணிக்குள் வெள்ளையாக ஏதாவது தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. உங்களுக்குப் பதினான்காவது வாரத் தடுப்பூசி வருகிறது அல்லவா? இந்த அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் அன்று டாக்டரிடம் கண்ணை ஒரு முறை காட்டிவிடுங்கள்.

பிறந்து இருபத்தெட்டு நாளுக்குள் இருக்கும் குழந்தைக்கு நான் இவ்வளவு நிதானமாகப் பதில் எழுத மாட்டேன். அந்த வயதில் கண் சிவந்து, இமை வீங்கி, சீழ் வந்தால் அன்றே மருத்துவமனை, இரவானாலும் சரி. பிரசவத்தின்போது தாயின் பிறப்புவழியிலிருந்து தொற்றும் கிருமிகளில் கொனோரியா, பிறந்த இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் தலைகாட்டி, துடைக்கத் துடைக்கச் சீழ் கொட்டவைத்து, கருவிழியையே துளைத்துவிடும். கிளமிடியா ஐந்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் வரும். அதற்குச் சொட்டு மருந்து போதாது, உள்ளுக்கும் மருந்து வேண்டும். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் குழந்தைகளின் பார்வை போனதற்குப் பிரசவத்தில் தொற்றும் இந்தக் கண் நோய் முக்கியக் காரணம். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கிரேடே என்ற பிரசவ மருத்துவர் பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டு ஒன்று விடத் தொடங்கினார். 1881-ல் அதைப் பற்றி எழுதினார். நூற்றுக்குப் பத்து குழந்தைகளுக்கு வந்துகொண்டிருந்த நோய் ஒன்றுக்கும் கீழே இறங்கியது.

தாய்ப்பால் விஷயத்தில் மாமியாரோடு சண்டை வேண்டாம். அவர் காலத்தில் எல்லா வீட்டிலும் செய்ததுதான், பாலில் நோய் எதிர்ப்புப் பொருள்கள் இருப்பதும் உண்மைதான். ஆனால் அவை குழந்தையின் வயிற்றுக்குப் போக வேண்டியவை. அடைத்த குழாயைப் பால் திறக்காது. வடிகால் இல்லாத கண்ணில் சர்க்கரையும் கொழுப்பும் உள்ள நீர் தேங்கினால் கிருமிக்கு அது விருந்து. 'டாக்டர் வேண்டாம் என்று சொன்னார் அத்தை' என்று பழியை எங்கள் மேல் போட்டுவிடுங்கள், நாங்கள் பழகியவர்கள். நந்தியாவட்டைப் பூச்சாறு, தேன், வெங்காயச் சாறு, கண் மை எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

இப்போது மூத்தவன். ஒரே நாளில், அல்லது ஒரு கண்ணில் தொடங்கி ஓரிரு நாளில் மற்றதுக்குத் தாவி, இரண்டும் சிவந்து, மணல் விழுந்ததுபோல் உறுத்தி, காலையில் ஒட்டிக்கொண்டால், நம் ஊரில் அதற்கு 'மெட்ராஸ் ஐ' என்று பெயர். பெரும்பாலும் அடினோ வைரஸ் செய்யும் வேலை. 1819-ல் தொடங்கிய எழும்பூர் கண் மருத்துவமனையில் 1918-ல் இந்த நோயைக் கண்டு விவரித்ததால் சென்னையின் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. (இதில் நாம் தனி இல்லை. 1969-ல் கானாவில் வேறொரு வைரஸால் கண்நோய் பரவியபோது, மனிதன் நிலவில் இறங்கிய சமயம் என்பதால் அதை 'அப்பல்லோ' என்று அழைத்தார்கள்.)

வைரஸால் வந்ததா பாக்டீரியாவால் வந்ததா என்று பீளையைப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். தண்ணீராக வடிந்து, தொண்டை கரகரப்பு, காய்ச்சல், காதுக்கு முன்னால் நெறி கட்டியது என்று சேர்ந்து வந்தால் வைரஸ் பக்கம் சாயலாம். மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியாக, துடைத்த அரை மணியில் மறுபடி சேர்ந்தால் பாக்டீரியா பக்கம். நூல் நூலாக இழுக்க வந்து, அரிப்புத் தாங்காமல் பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை. ஆனால் இந்தக் கணக்கு அடிக்கடி தப்பும், கண் டாக்டர்களுக்கே தப்பும். நீங்கள் முடிவு செய்ய வேண்டியது அவனைக் கூட்டிக்கொண்டு இன்றே ஓட வேண்டுமா என்பதைத்தான். அதற்குப் பீளையின் நிறம் அவ்வளவாக உதவாது.

இப்படிச் செய்து பாருங்கள். கொதித்து ஆறி, கையில் விட்டால் இளஞ்சூடாக இருக்கும் நீரை ஒரு சுத்தமான கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சை நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் இரண்டு மூன்று நிமிடம் அப்படியே வைத்திருங்கள். காய்ந்த பீளை ஊறினால்தான் விடும். பொறுமை இல்லாமல் இழுத்தால் இமை மயிர்தான் கையோடு வரும், மறுநாள் பையன் பஞ்சைக் கண்டாலே ஓடுவான். ஊறியபின் மூக்கோரத்திலிருந்து காதுப் பக்கமாக ஒரே இழுப்பு. அந்தப் பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டு, அடுத்த இழுப்புக்குப் புதுப் பஞ்சு. ஒரு கண்ணுக்குத் தொட்டது மறு கண்ணுக்கு ஆகாது. புடவைத் தலைப்பால் துடைப்பதைச் சொல்லவே வேண்டாம். அதே தலைப்பால் அடுத்து கைக்குழந்தையின் வாயைத் துடைப்பீர்கள்.

துடைத்தபின் அவனைச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டருக்கு எதிரே நிறுத்துங்கள். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு தேதியைப் படிக்கச் சொல்லுங்கள், பிறகு மறு கண். பீளை படிந்திருக்கும்போது மங்குவது இயல்பு. துடைத்து, நாலைந்து தடவை இமைத்த பிறகும் எப்போதும்போல் தெரியவில்லை என்றால் அன்றே கண் டாக்டர். ஜன்னலைத் திறந்தால் கண்ணைத் திறக்க முடியாமல் கூசினாலும் அன்றே. உறுத்தல் போய் உண்மையான வலியாக மாறி, தூங்கவிடாமல் செய்தாலும் அன்றே. கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலும், பீளையில் இரத்தம் கலந்தாலும், கண்ணைச் சுற்றி வீங்கிக் காய்ச்சல் அடித்து விழியை அசைக்க முடியாமல் போனாலும் அப்படியே. கடைசியாகச் சொன்னது கண்ணுக்குப் பின்னால் பரவும் தொற்று. நள்ளிரவாக இருந்தாலும் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணில் ஏதாவது குத்தியோ தெறித்தோ தொடங்கியது என்றால் மற்ற அறிகுறிக்குக் காத்திருக்கவே கூடாது. சுண்ணாம்பு போன்றவை தெறித்தால் முதலில் வீட்டிலேயே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடமாவது கழுவிவிட்டுப் பிறகு வண்டி ஏறுங்கள்.

இவை எதுவும் இல்லை, சிவப்பும் பீளையும் உறுத்தலும் மட்டும்தான் என்றால் வீட்டிலேயே இருக்கலாம். பாக்டீரியாத் தொற்று பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் மருந்தில்லாமலே அடங்கும். ஆன்டிபயாடிக் சொட்டு அதை ஓரிரு நாள் முன்னதாக முடித்துவைக்கும். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. அது நான்காம் ஐந்தாம் நாளில் முதலில் மோசமாகிவிட்டுத்தான் இறங்கும், இரண்டு வாரம் இழுக்கலாம். இது தெரியாமல் மூன்றாம் நாளே மருந்தை மாற்று, டாக்டரை மாற்று என்று அலைகிறவர்கள் உண்டு. ஒரு வாரம் ஆகியும் குறையும் அறிகுறியே இல்லை என்றால் காட்டுங்கள். சிவப்பு போய், பத்துப் பதினைந்து நாள் கழித்து விளக்கு சிதறித் தெரிகிறது, எழுத்து மங்குகிறது என்று அவன் சொன்னாலும் காட்டுங்கள். அடினோ வைரஸ் சில சமயம் கருவிழிக்குள் சிறு புள்ளிகளை விட்டுப்போகும். அவை மறைய மாதக்கணக்கில் ஆகலாம்.

இப்போது அந்தப் புட்டி. மருந்துக் கடையில் 'கண் வலி' என்று கேட்டால் கைக்கு வருவது பல நேரம் கலப்பு மருந்து: ஓர் ஆன்டிபயாடிக், கூடவே டெக்சாமெத்தசோன் போன்ற ஒரு ஸ்டீராய்டு. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாதது, கொடுக்கிறார்கள். ஸ்டீராய்டு சிவப்பை ஒரே நாளில் வடித்துவிடும், அதனால் எல்லோருக்கும் அதன்மேல் நம்பிக்கை. நெல் அறுவடையின்போது தாள் நுனி கண்ணில் பட்ட ஒரு விவசாயி எங்களிடம் வந்தார். பட்டபின் கொஞ்சம் பீளை, கொஞ்சம் சிவப்பு. கடையில் வாங்கி விட்டிருக்கிறார். 'இரண்டே நாளில் கண் வெளுத்துவிட்டது அம்மா, நல்ல மருந்து' என்றார். மூன்றாம் வாரம், கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் எங்கள் பரிசோதனை விளக்கின் முன்னால் தாடையை வைத்தபோது கருவிழியின் நடுவில் சாம்பல் நிறத்தில், ஓரம் பிசிறு பிசிறாக ஒரு புண் இருந்தது. பூஞ்சை. மருந்து சிவப்பை மறைத்து, கீழே பூஞ்சையை வளர்த்துவிட்டிருந்தது. ஆறு வாரம் சிகிச்சை. புண் ஆறியது, கண்ணில் பூ விழுந்துவிட்டது. வயற்காட்டு வேலை இருக்கும் நம் பகுதிகளில் இது அரிதல்ல. மதுரை மாவட்டத்தைப் பற்றி 1996-ல் வெளியான ஒரு கணக்கில், ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்ததாகப் பதிவாகியிருக்கிறது. உங்கள் கணவரின் புட்டியில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. ஸ்டீராய்டு தேவைப்படும் கண்நோய்கள் பல உண்டு. அதை விளக்கில் பார்த்துத் தெரிந்தவர் எழுதிக்கொடுக்க வேண்டும்.

டாக்டர் சொட்டு எழுதிக்கொடுத்தால் ஒரு வேளைக்கு ஒரு சொட்டு போதும். கீழ் இமையின் மடிப்பில் அதற்குமேல் இடம் இல்லை; இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான். பையனைப் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, மூக்கோர மூலையில் ஒரு சொட்டு விட்டு, பிறகு திறக்கச் சொன்னால் தானாக உள்ளே போய்விடும். அழுகையும் மிச்சம். புட்டி முனை இமை மயிரில் படக் கூடாது. ஒரு புட்டி ஒருவருக்குத்தான்.

வீட்டில் பெரியவர்களுக்கு வந்தால் சில வேறுபாடுகள் உண்டு. காண்டாக்ட் லென்ஸ் போடுபவர் கண் சிவந்து பீளை வந்தால் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே காட்ட வேண்டும், ஒரு நாள் பார்க்கலாம் என்பது அவருக்கு இல்லை. ஒரு கண் மட்டும் சிவந்து, தலைவலி வாந்தியோடு, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால் அது கண் வலியே அல்ல, திடீரென ஏறிய கண் அழுத்தம். சில மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் இருக்க வேண்டும். மாதக்கணக்காகக் காலையில் இமை விளிம்பில் பொடுகுபோல் செதில் கட்டினால் இமைச் சுரப்பிகளின் கோளாறு. தினமும் வெந்நீர் ஒத்தடமும் இமை விளிம்பைத் துடைப்பதும் அதற்கு மருந்தைவிட உதவும்.

கடைசியாக, பையனிடமிருந்து பாப்பாவைக் காப்பாற்றுவது. மெட்ராஸ் ஐ பார்வையில் பரவாது. கறுப்புக் கண்ணாடி அவனுக்குக் கூச்சத்தைக் குறைக்கும், மற்றவரைக் காக்காது. கண்ணைத் தொட்ட கை, அந்தக் கை தொட்ட கதவுப் பிடி, துண்டு, தலையணை, கைப்பேசி வழியாகத்தான் பரவுகிறது. காய்ந்த பரப்பில் இந்த வைரஸ் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். அவனுக்குத் தனித் துண்டு, தனித் தலையணை கொடுங்கள். உறையைத் தினமும் வெந்நீரில் அலசிப் போடுங்கள். நீர் வடிவது நிற்கும்வரை பள்ளி வேண்டாம். முதலில் பாப்பாவின் கண்ணைத் துடைத்து அழுத்தலை முடித்துவிட்டு, அதன் பிறகு அவன் கண்ணுக்குப் போங்கள். இடையிலும் முடிவிலும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தங்கையை முத்தமிட வேண்டும் என்று அடம்பிடித்தால் இரண்டு வாரத்துக்குப் பாதத்தில் முத்தமிடட்டும். இவ்வளவும் செய்து பாப்பாவின் வெள்ளை விழி சிவந்தாலோ இமை வீங்கினாலோ, தடுப்பூசி நாள்வரை காத்திருக்காமல் அன்றே தூக்கிக்கொண்டு போங்கள்.